இரண்டாவது குழல்

துப்பாக்கிக்கு அதன் வாய் வழியாகவே மருந்தும் குண்டும் ஊட்டிய காலம் அது. தேன்பாறை மலையில் மாதன் என்ற வேட்டைக்காரரிடம் செல்லாண்டி சீடனாக வந்து சேர்ந்தான். குருவுக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல். சீடனுக்குத் தலை நரைத்துவிட்டது. இளையவன் எப்படிக் குருவாக முடியும் என்று முகம் சுளிப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். செல்லாண்டியும் முதலில் சுளித்தான்தான். ஆனால் காட்டெருமையைச் சுடக் கற்றுத்தர அந்த மலையில் வேறு ஆள் இல்லை.

அவன் மனைவி பவுனாயி கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் ஒரு காட்டெருமைக் கடா அவளைக் குத்திக் கொன்றிருந்தது. கருமாதி முடிந்த கையோடு வந்திருந்தான்.

“எனக்குன்னு ஒரு துப்பாக்கி வேணும், குருவே. இதுவரைக்கும் சொந்தமா வெச்சிருந்ததில்லை. எது ஆகும்னு நீங்கதான் சொல்லணும்.”

“எதைச் சுட?”

“பவுனாயியைக் கொன்ன கடாவை.”

குரு சற்று யோசித்தார். “காட்டெருமை ஆளைக் கண்டா தானா ஒதுங்கிப் போயிடுமேண்ணா.”

“இது அடிபட்ட கடா. கூடப் போன பொம்பளைங்க பாத்திருக்காங்க. முன்னங்காலை இழுத்துக்கிட்டு வந்துச்சாம். தோள் சப்பையில சீழ் வெச்ச புண்ணாம். எவனோ சுட்டுட்டு, பின்னால போயிப் பாக்காம விட்டிருக்கான். அந்த வலியில வெறி புடிச்சுப் போயி அது என் பொண்டாட்டி மேல பாஞ்சிருக்கு.”

“எவனோன்னா?”

“தூமன். கீழ்ப்பட்டித் தூமன்தான். அவனுக்குக் குறி பாக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். அவன் வீட்டுக் கதவை ஒதைச்சு ஒடைச்சுட்டுத்தான் வர்றேன். நான் இல்லை, நான் இல்லைன்னு கும்புடறான். அவன் பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடுறா. ஓடட்டும்.”

குரு சீடனுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“அச்சு கொண்டாந்தீங்களா?”

செல்லாண்டி மடியிலிருந்து அச்சை எடுத்துக் கொடுத்தான்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கைக்குத் துப்பாக்கி வருவதற்கு வெகு காலம் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் மாக்கல்லில் செதுக்கிய குண்டு அச்சு இருக்கும். தகப்பன் மகனுக்கு விட்டுப்போவது அதைத்தான். அச்சின் குழிக்குள் அந்த வீட்டின் குறி வெட்டப்பட்டிருக்கும். ஈயத்தை உருக்கி ஊற்றினால் குண்டின் மேல் அந்தக் குறி புடைத்துக்கொண்டு நிற்கும். பலர் சேர்ந்து சுட்ட மிருகத்தை அறுக்கும்போது குண்டைத் தோண்டி எடுத்துக் குறியைப் பார்ப்பார்கள். தலைப்பங்கு யாருக்கு என்பதில் சண்டை வராது. அதாவது, கொஞ்சம் குறைவாக வரும். துப்பாக்கிக்கு அச்சு தேடும் பழக்கம் அங்கே இல்லை. அச்சுக்குத்தான் துப்பாக்கி தேடுவார்கள்.

செல்லாண்டி வீட்டுக் குறி பிறை. குரு அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“இந்த அச்சுல வார்த்து எப்பவாச்சும் சுட்டிருக்கீங்களா?”

“ஒரு தடவை. போன மழைக்கு முன்னாடி. மச்சான் துப்பாக்கியை இரவல் வாங்கிட்டுப் போனேன். அதோட குழல் பெருசு, என் குண்டு சிறுசு. உள்ள போட்டா கடகடன்னு ஆடுச்சு. பவுனாயிதான் அவளோட பழைய சேலையைக் கிழிச்சு, குண்டைச் சுத்திக் கொடுத்தா. கெட்டிமா உக்காந்துச்சு.”

“எதைச் சுட்டீங்க?”

“கடமானை. ஊத்துப் பள்ளத்துல, எதிர்ச் சரிவுல நின்னுச்சு. சாயங்காலம், ஒரே பனி. கருப்பா உருவம் மட்டுந்தான் தெரிஞ்சுது. படலை. தப்பிப் போச்சு.”

“போயிப் பாத்தீங்களா?”

“எதை?”

“அது நின்ன எடத்தை.”

செல்லாண்டிக்குச் சிரிப்பு வந்தது. மனைவி செத்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். “தப்பிப் போனதைப் போயி என்னத்தைப் பாக்க, குருவே? பள்ளத்துல எறங்கி ஏறணும். அட்டைக் கடி வேற. வீட்டுல அவ கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சிருந்தா. திரும்பிட்டேன்.”

குரு அச்சை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் மூன்று துப்பாக்கிகளை எடுத்து வந்து பாயில் கிடத்தினார்.

முதலாவது நீளமாக, ஒல்லியாக இருந்தது.

“இது எட்டத்துல நின்னு சுடறதுக்கு. எவ்வளவு எட்டத்துல இருந்து சுடறீங்களோ, சுட்டதுக்கப்புறம் அவ்வளவு தூரம் நடக்கணும். நடக்க மனசில்லாதவங்களுக்கு இது ஆகாது.”

இரண்டாவது குட்டை. குழல் தடியாக இருந்தது.

“இதுக்குக் கிட்டப் போகணும். அது மூச்சு விடற சத்தம் கேக்கற வரைக்கும் போகணும். பயம் இருக்கறவங்களுக்கு இதுதான் நல்லது. கண்ட எடத்துல எல்லாம் சுடத் தோணாது.”

மூன்றாவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இரட்டைக் குழல். செல்லாண்டி அதைத்தான் எடுத்தான். அச்சின் வாயைக் குழலின் வாயோடு வைத்துப் பார்த்தான். அளவு பொருந்தியது.

“இதுதான் வேணும்.”

“மொதத் துப்பாக்கியா இதை எடுக்காதீங்கண்ணா. இன்னொரு குண்டு இருக்குங்கற நெனப்பு மொதக் குண்டைக் கெடுத்துரும்.”

“நான் மொதக் குண்டை வீணாக்க மாட்டேன். அது கடாவுக்கு. ரெண்டாவது தூமனுக்கு.”

வெளியே குருவின் மனைவி தினை புடைக்கும் சத்தம் கேட்டது.

“தூமன்தான்னு எப்படித் தெரியும்?” என்று குரு கேட்டார்.

“குண்டு அந்தப் புண்ணுக்குள்ளயே இருக்கும். கடா விழுந்ததும் தோண்டி எடுப்பேன். குறியைப் பாப்பேன். தூமன் வீட்டுக் குறி ரெட்டைக் கோடு. அதைக் கையில எடுத்துக்கிட்டு நேரா கீழ்ப்பட்டிக்குப் போவேன்.”

“வேற குறி இருந்தா?”

“எவன் குறியோ அவன் வாசலுக்குப் போவேன். எனக்கு எவனா இருந்தாலும் ஒண்ணுதான்.”

“போனதும் சுட்டுருவீங்களா?”

“இல்லை. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மூஞ்சிக்கு நேரா கேக்கணும். ஏன்டா போயிப் பாக்கலைன்னு. அப்படி என்னடா அவசரம் உனக்குன்னு. அவன் வாயால பதில் சொல்லணும். அதைக் கேட்டுட்டுத்தான் சுடுவேன்.”

சொல்லும்போதே அழுதான். நரைத்த தலை குலுங்கக் குலுங்க அழுதான். குரு அவன் அருகில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு சொன்னார். “ரெட்டைக் குழலையே எடுத்துக்கங்க. ஆனா ஒரு வாக்கு வேணும். கடா விழுந்து, குண்டைத் தோண்டிப் பாக்கற வரைக்கும் கீழ்ப்பட்டிப் பக்கம் போகக்கூடாது. தூமன் பேரைக்கூட எடுக்கக்கூடாது.”

செல்லாண்டி பவுனாயி மேல் சத்தியம் செய்தான்.

பயிற்சி தொடங்கியது. எதிர்ப் பாறையில் ஒரு பூசணிக்காயை வைத்தார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் செல்லாண்டி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளத்தில் இறங்கி, எதிரே ஏறி, பூசணிக்காயைத் தொட்டுவிட்டு வரவேண்டும். அதன் பிறகுதான் மறுபடி மருந்து போடலாம்.

“பட்டா சிதறுது. படலைன்னா அப்படியே இருக்கு. இங்கிருந்தே தெரியுதே, குருவே. எதுக்கு நடக்கணும்?”

“தெரிஞ்சாலும் நடங்க.”

நடந்தான். முனகிக்கொண்டே நடந்தான். கால்கள் உரமேறின, குறியும் தேறியது. ஆனால் நடப்பது எதற்கென்று மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. சின்னப் பையனிடம் சிக்கிக்கொண்டோம் என்று ஒருமுறை வாய்விட்டே சொன்னான். அது குருவின் காதில் விழுந்தது. அவர் பூசணிக்காயை இன்னும் சற்றுத் தள்ளி வைத்தார்.

கடா மூங்கில் புதரில் கிடப்பதாகத் தேன் எடுப்பவர்கள் வந்து சொன்னார்கள். விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். ஓடைக்கரையில் நின்று செல்லாண்டி இரண்டு குழலிலும் மருந்து போட்டான், நார் அடைத்தான், குண்டை இறக்கினான். முதல் குழலைக் கெட்டிக்கும்போது வாய் திறக்கவில்லை. இரண்டாவதில் குத்துக்கம்பியை ஓங்கி ஓங்கி இறக்கினான். சத்தியம் செய்திருந்ததால் பெயரைச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

கடாவைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. நாற்றம் வழி காட்டியது.

இத்தனை நாளாக அவன் மனதில் பூதமாக வளர்ந்து நின்ற மிருகம் எலும்பும் தோலுமாக நின்றிருந்தது. சப்பையில் ஈ மொய்த்தது. ஒரு காலைத் தரையில் ஊன்ற முடியாமல் மூங்கிலில் சாய்ந்திருந்தது. ஆளைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தியது, ஆனால் பாய வலுவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்கும் தூரத்தில் நின்று செல்லாண்டி சுட்டான். புகை விலகியபோது அது மண்டியிட்டிருந்தது. பிறகு பக்கவாட்டில் சரிந்தது.

குரு கையை நீட்டினார். “துப்பாக்கியைக் குடுங்க.”

உயிர் போகாமல் கிடந்தால் இன்னொன்று சுடப் போகிறார் என்று நினைத்துச் செல்லாண்டி கொடுத்தான். குரு கடாவின் கண்ணைப் புல்லால் தொட்டுப் பார்த்தார். அது செத்திருந்தது. அவர் திரும்பி நின்று, பட்டுப்போன ஒரு மரத்தின் அடியில் இரண்டாவது குழலைச் சுட்டார்.

“என்ன பண்றீங்க! அது அவனுக்குன்னு வெச்சது!”

“தெரியும்.”

அவன் தோளில் தொங்கிய மருந்துக் கொம்பையும் குரு கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். செல்லாண்டிக்கு ஆத்திரம் பொங்கியது. “மருந்தைப் புடுங்கிக்கிட்டா விட்டுருவேனா? எனக்குக் கையில்லையா? அருவா இல்லையா?”

“தோண்டுங்கண்ணா” என்றார் குரு.

அவன் கத்தியை எடுத்துச் சப்பையைக் கிழித்தான். சீழ் வழிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டுத் துழாவினான். குண்டு ஆழத்தில் இல்லை. இவ்வளவு பெரிய உடம்பைக் கொல்லும் வேகம் அதற்கு இருந்திருக்கவில்லை. எலும்பில் மோதி ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது.

ஓடையில் கழுவினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நசுங்காத பக்கத்தில் பிறை இருந்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“எவனோ என் அச்சைத் திருடி வார்த்திருக்கான்.”

“அச்சு எங்கண்ணா இருந்துச்சு?”

“வீட்டுலதான். பரண் மேல. பவுனாயிதான் துணியில சுத்தி...”

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. கடா மேல் மொய்த்த ஈக்கள் இப்போது அவன் கையிலும் வந்து உட்கார்ந்தன. அவன் விரட்டவில்லை.

“அது கடமான், குருவே” என்றான் கடைசியில். “கடமான்தான் அது.”

“போயிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே சந்தேகம். எனக்கும் குண்டைப் பாக்கற வரைக்கும் சந்தேகந்தான்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? தூமனையும் சுட்டு, என்னையும் சுட்டிருப்பீங்க.”

செல்லாண்டிக்குத் தான் உடைத்த கதவு ஞாபகம் வந்திருக்கலாம். காட்டுக்குள் ஓடிய பெண்ணின் ஞாபகம் வந்திருக்கலாம். குண்டை மூடிய கையை மார்போடு அழுத்திக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். ஓடைத் தண்ணீர் ஓரிடத்தில் தேங்கி அசையாமல் நின்றது. அதில் அவன் முகம் தெரிந்தது.

குரு துப்பாக்கியைக் கழுவத் தொடங்கினார். சுட்ட துப்பாக்கியைக் கழுவாமல் விட்டால் துரு ஏறிவிடும். இரண்டு குழலிலும் தண்ணீர் விட்டு, துணி சுற்றிய கம்பியால் தேய்த்தார். கரி கலந்த தண்ணீர் அந்தத் தேக்கத்தில் வந்து கலந்தது, பிறகு மெல்லத் தெளிந்தது. முகம் அங்கேயே இருந்தது.

“குருவே, இனி நான் என்ன செய்யட்டும்?”

குரு துணியைப் பிழிந்து பாறையில் காயப் போட்டார்.

“சுட்டவனைக் கண்டா மூஞ்சிக்கு நேரா ஒண்ணு கேக்கணும்னு சொன்னீங்களேண்ணா. கேளுங்க.”