பிள்ளைக்கு மட்டும் தெரிந்த பெயர்

கொட்டாங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோரிடமும் இருந்தது. செலவழிக்க மனசு வராமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அவர்களில் ஒருவன் பிச்சை. அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. அதனால் நாலாவதாக வந்தவனைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டி, எமன் ஏறெடுத்தும் பார்க்காதபடி இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். எமன் ஏமாந்து போனான், சரி. ஆனால் முப்பது வருஷமாக யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவனுக்கு உடம்பு கூசும். பெண் பார்க்கப் போன வீட்டில் வாசலில் நின்று பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு பிடி அரிசி வந்தது. அதையும் துண்டில் முடிந்துகொண்டுதான் வந்தான்.

அவனுக்கு ஒரு மகன் பிறந்தான். முப்பதாம் நாள் காலையில் மனைவி பேச்சியம்மாள் கறாராகச் சொன்னாள்.

"நல்ல அர்த்தமுள்ள பேரா விசாரிச்சுட்டு வாங்க. பிள்ளை காதுல மூணு தடவை சொல்லுததுக்கு முன்னாடி வேற ஒருத்தர் காதுலயும் அது விழக்கூடாது. விழுந்துச்சோ, பிள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

பிச்சை தன் மச்சான் மாடக்கண்ணுவையும் தலையாரி சங்கிலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான். அங்கே மீராசா மரைக்காயர் என்று ஒரு மாலுமி. பல தேசம் பார்த்தவர்.

"பர்மாவுல பிறந்த கிழமையப் பார்த்துப் பேரு வைப்பாங்க," என்றார் அவர். "சீனாவுல சில பேரு, கண்ணு படாம இருக்கப் பிள்ளைய நாய்க்குட்டின்னு கூப்பிடுவாங்க."

முகம் தெரியாத அந்தச் சீனப் பிள்ளையை நினைத்துப் பிச்சை உச்சுக்கொட்டினான்.

"அரபு நாட்டுல மூத்த மகன் பிறந்துட்டா, 'இன்னாரோட அப்பா'ன்னு மகன் பேரைச் சொல்லித்தான் அப்பனைக் கூப்பிடுவாங்க."

பிச்சை துள்ளி எழுந்தான். "அப்ப அப்பனோட பழைய பேரு?"

"அதைச் சொல்லி யாரு கூப்பிடுதா?"

அடுத்த நிமிஷம் அவன் கடலில் இருந்தான். மூன்று முழுக்குப் போட்டுப் பழைய பெயரைத் தலைமுழுகிவிட்டு, சொட்டச் சொட்டக் கரையேறினான். "இனிமே யாராவது அப்படிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்." நமக்கு வேறு வழியில்லை. அவன் காதில் விழாமல் பிச்சை என்றே சொல்லிக்கொள்வோம்.

"உன் மகனுக்குத் தோதா ஒரு பேரு இருக்கு," என்று மரைக்காயர் வாயைத் திறந்தார். மூன்று பேரும் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்கள்.

"எழுதி வாங்கிருவோமா?" என்றான் மாடக்கண்ணு.

"படிக்கிறவன் சத்தமாப் படிச்சுட்டா?" என்றார் சங்கிலி.

"அப்ப பேரை வெளிய எடுக்க வேண்டாம். ஆளோட கொண்டுபோயிருவோம்," என்றான் பிச்சை.

மரைக்காயரை அலாக்காகத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். சாயங்காலம் அவருக்குக் கப்பல் இருந்தது. இருந்தாலும் வேடிக்கையான மனுஷர், சிரித்துக்கொண்டே வந்தார்.

ஊரே கூடியது. இருந்த தலையணைகளையெல்லாம் கிழித்து எல்லோர் காதிலும் பஞ்சு அடைத்தார்கள். சங்கிலி ஒவ்வொருவரிடமும் "கேட்குதா?" என்று கேட்டு, "கேட்கலை" என்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் திணித்தார். கடைசியில் தன் காதையும் அடைத்துக்கொண்டார்.

மரைக்காயர் தொட்டிலில் குனிந்து மூன்று முறை சொன்னார். பிள்ளை சிரித்தது. பிறகு பாயசம் குடித்துவிட்டு, முற்றத்தில் நின்று எல்லோருக்கும் அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். அர்த்தத்தையும் கையை விரித்து விரித்து விளக்கினார். ஊர் முழுவதும் கும்பிட்டபடி தலையாட்டியது. கை இவ்வளவு அகலம் விரிகிறதென்றால் எவ்வளவு பெரிய அர்த்தமாக இருக்கும் என்று பிச்சை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வண்டி போயிற்று. கப்பலும் போயிற்று. பஞ்சை எடுத்தார்கள்.

"என்ன பேரு?" என்றாள் பேச்சியம்மாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிச்சையின் பழைய பெயர் கடலோடு போய்விட்டது, புதிய பெயரும் வந்து சேரவில்லை. பேச்சியம்மாள் பிள்ளையைத் தூக்கப் போனாள்.

"நீ சொன்னபடி வேற ஒருத்தர் காதுலயும் விழலையே!" என்று அலறினான் பிச்சை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"பேரு ஒண்ணும் தொலையல மாப்ளே," என்று மாடக்கண்ணு தொட்டிலைக் காட்டினான். "தெரிஞ்ச ஆளு அங்க கிடக்கான்."

"பேச ஆரம்பிக்குததுக்குள்ள மறந்துட்டான்னா?" என்றார் சங்கிலி.

"சொந்தப் பேரை எவனாவது மறப்பானா?"

அன்று முதல் ஊரே முறைவைத்துத் தொட்டிலுக்குக் காவல் இருந்தது. பெயரில்லாத பிச்சை பாடுதான் திண்டாட்டம். ஒருநாள் கிணற்றில் விழுந்தபோது, என்ன சொல்லிக் கூப்பிட்டுக் கயிறு போடுவது என்று ஊர் கூடிப் பேசி முடிப்பதற்குள் அவனே ஏறி வந்து கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பதினோராவது மாதம் பிள்ளை தொட்டிலைப் பிடித்து எழுந்து நின்றது. பிச்சையை நேராகப் பார்த்தது.

"அப்பா!"

"சொல்லிட்டான்! சொல்லிட்டான்!" மேளம் முழங்கியது. "பிள்ளை பேரு அப்பா!" பிச்சை குதியாட்டம் போட்டான். மகனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, தனக்கும் கிடைத்துவிட்டது.

சங்கிலிதான் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப இனிமே நீரு அப்பாவோட அப்பா."

"ஆமா!"

"அப்பாவோட அப்பா தாத்தால்லா?"

மேளம் நின்றது. பிச்சை விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"நான் தாத்தான்னா, இவனோட அப்பன் எங்க?"

"அதைத்தான் நானும் கேட்கேன்," என்றான் மாடக்கண்ணு. "பதினோரு மாசமாச்சு. ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தானா?"

பிச்சைக்கு ரத்தம் கொதித்தது. கம்பை எடுத்துக்கொண்டு, தடுத்த பேச்சியம்மாளையும் விலக்கிவிட்டு, ஊரைத் திரட்டிக்கொண்டு தேடக் கிளம்பிவிட்டான்.

பக்கத்து ஊர் எல்லையில் ஒருவர் கேட்டார்: "ஆளு எப்படிப்பா இருப்பான்?"

"பிள்ளை அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கு," என்றான் பிச்சை. "அந்தப் பயலும் என் சாடையாத்தான் இருப்பான். பார்த்தா விட்டுராதீங்க, நல்லாப் போட்டுச் சாத்துங்க!"