கைதட்டல் வாங்கிய கவிதை

அல்லிக்கோட்டை ராஜா வீரகண்டனுக்கு வாள் சுழற்றத் தெரியும், குதிரை ஏறத் தெரியும். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனுக்குப் பாட்டு எழுதும் ஆசையும் வந்து தொலைத்தது! பௌர்ணமிதோறும் அந்தி சாயும் நேரத்தில் குளத்தங்கரை மண்டபத்தில் சபை கூடும். ராஜா தன் பாட்டைத் தானே படிப்பார். சபை கேட்கும். வேறு வழி?

ஒருநாள் அவர் உருகி உருகிப் படிக்கும்போது குளத்துத் தவளைகள் கச்சேரியை ஆரம்பித்தன. ராஜாவின் முகம் சிவந்தது. "என் கவிதை காலத்தால் அழியாது!" என்று குரலை உயர்த்தினார். பேசும்போது பல்லி சத்தம் கொடுத்தால் சொன்னது சத்தியம் என்பார்கள் இல்லையா? ராஜா ஆசையாக உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கிருந்த பல்லி வாயே திறக்கவில்லை.

மந்திரி மதிவாணர் சமயம் பார்த்து எழுந்தார். "மகாராஜா, தவளை குறுக்கே பேசுகிறது. பல்லி பேச வேண்டிய நேரத்தில் பேச மாட்டேன் என்கிறது. அந்த வௌவாலைப் பாருங்கள், உங்கள் முன்னாலேயே தலைகீழாகத் தொங்குகிறது! எதற்கும் உதவாத ஜென்மங்கள். ஒன்று விடாமல் விரட்டிவிடலாம்."

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா!" என்றான் ஏகம்பன். ராஜாவின் தோழன் அவன். வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன். "அதெல்லாம் என்ன வேலை பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. போன பிறகுதான் தெரியும்."

"வயிற்றெரிச்சல்!" என்றார் மதிவாணர். "இவனுக்கு உங்கள் கவிதையே பிடிக்கவில்லை."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியா சேதி? அடுத்த பௌர்ணமிக்கு என் பாட்டைக் கேட்டுக் கைதட்டாதவன் இந்த நாட்டில் இருக்கக் கூடாது. ஏகம்பா, உனக்கும் சேர்த்துத்தான்!"

தவளைகளை வலைபோட்டு அள்ளினார்கள். பல்லியைத் துடைப்பத்தாலும் வௌவாலைப் புகைபோட்டும் துரத்தினார்கள். குளம் அடங்கிப்போனது.

அடுத்த பௌர்ணமியும் வந்தது. மண்டபத்தில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. தம்பூரா சுருதி என்று நினைத்துக்கொண்டார் ராஜா.

ஏகம்பன் வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். உடம்பெல்லாம் வேப்பெண்ணெய்! அவனுக்கும் பயம்தான். இந்த ஊரை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

ராஜா முதல் வரியைப் படித்தார். பட்! எங்கோ ஒரு கைதட்டல். இரண்டாவது வரிக்குப் பட், பட்! அடடா, என்ன ரசனை! ராஜா குளிர்ந்துபோய்ப் பழைய பாட்டுகளையும் தூசிதட்டி எடுத்தார். சிலர் தொடையில் தட்டினார்கள். சேனாபதியோ பக்தி முற்றியவர்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஏகம்பன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பார்த்தீர்களா இவனை!" என்று மதிவாணர் தன் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"ஏகம்பா! ஏன் கைதட்டவில்லை?" ராஜா உறுமினார்.

ஏகம்பன் எழுந்து கும்பிட்டான். "என்மேல் கொசு உட்காரவே இல்லையே, மகாராஜா!"

"என்ன உளறுகிறாய்?"

"மந்திரியாரை உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்கள்."

மதிவாணர் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "காட்டும் ஐயா!" என்றார் ராஜா. கை முழுக்க நசுங்கிய கொசு!

"தவளையும் பல்லியும் வௌவாலும் சம்பளம் வாங்காமல் பார்த்த வேலை மகாராஜா இது. இப்போது சபையே கூடிச் செய்தும் முடியவில்லை."

ராஜா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கையே அவர் பிடரியில் பட்டென்று விழுந்தது! உள்ளங்கையைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி ஏகம்பன் கழுத்தில் போட்டார். கைதட்டும் கட்டளை அன்றோடு போனது. தவளை பிடித்துவர மதிவாணர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். பல்லியும் வௌவாலும் தாமாகவே வந்து சேர்ந்தன.

அதற்கடுத்த பௌர்ணமி. குளத்தில் தவளைகள் கத்தக் கத்த ராஜா பாட்டைப் படித்து முடித்தார். சபையில் ஒரு சத்தம் இல்லை.

"ஏன் ஏகம்பா, ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை?"

"கொசு இல்லையே, மகாராஜா!"

உத்தரத்திலிருந்து பல்லி சொன்னது: "இச்சு, இச்சு!"