அனுமதிக்கப்பட்ட அளவு

உமையாள் அம்மாவின் மடத்துக்கு மற்றவர்கள் எல்லாரும் எதையோ தேடி வந்தார்கள். அறவாழி மட்டும் கிணற்றை மூட வந்தார்.

அப்போது அவர் நீர்த்தர வாரியத்தில் வேதியியல் அதிகாரி. அல்லியாற்றின் மேல்கரையில் தோல் பதனிடும் ஆலைகள் வரிசையாக நின்றன. கழிவு ஆற்றில் இறங்கியது. ஆற்றிலிருந்து மண்ணுக்குள் இறங்கியது. மண்ணுக்குள்ளேயே நடந்து மடத்துக் கிணறு வரைக்கும் வந்துவிட்டது. பார்த்தால் பளிங்குத் தண்ணீர். வாசனை கிடையாது, கசப்பு கிடையாது. சோதித்துப் பார்த்தால் குரோமியம், தோல் ஆலைகளின் விஷம். அறவாழி கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினார்.

உமையாள் அம்மா அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். காவிச் சேலை, மழித்த தலை. பூட்டுப் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"மூடிட்டீங்க ஐயா. ஓடைக்குப்பம் மொத்தமும் இந்தக் கிணத்தை நம்பித்தான் இருக்கு. அவங்க எதைக் குடிப்பாங்க?"

"அது என் வேலை இல்லீங்க. நான் அளந்து சொல்றவன்."

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

அவர் கோபித்திருந்தால்கூட அறவாழிக்கு மறந்துபோயிருக்கும். அந்த 'சரிங்க ஐயா' மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வாரியத்தில் சண்டை போட்டார். அனுமதிக்கப்பட்ட அளவைக் கறாராக வைத்தார். எந்த ஊர்க் கிணறு அந்த அளவைத் தாண்டுகிறதோ, அந்த ஊருக்கு அரசாங்கமே லாரியில் குடிதண்ணீர் தர வேண்டும் என்று விதி எழுதினார். ஆலைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். ஓடைக்குப்பத்துக்கு முதல் லாரி வந்த அன்று, அறவாழி மடத்துக்கு வந்து அம்மாவின் காலில் விழுந்தார்.

அன்றிலிருந்து சீடர்.

வருஷங்கள் ஓடின. அறவாழியின் தலை நரைத்தது, பதவியும் உயர்ந்தது. இப்போது அளவுகளைத் திருத்தும் குழுவுக்கே அவர்தான் தலைவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் தொங்கிப்போய் மடத்துக்கு வந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அளவைத் திருத்தப் போறோம் அம்மா."

"ஆறு திருந்திடுச்சா?"

"இல்லை."

"பின்ன?"

"வருஷா வருஷம் எல்லா ஆறும் பரீட்சையில தோத்துப்போகுது. அறிக்கை வந்தா சட்டசபையில கூச்சல். மேல இருக்கிறவங்களுக்கு அலுத்துப்போச்சு. அளவை உயர்த்திட்டா எல்லா ஆறும் பாஸ்."

"எவ்வளவு உயர்த்தணுமாம்?"

"அஞ்சு மடங்கு. புது ஆராய்ச்சி வந்திருக்கு, அவ்வளவு இருந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க."

"வந்திருக்கா?"

"வந்திருக்கு. ஆலைக்காரங்க செலவுல வந்திருக்கு."

அம்மா கீரையில் இருந்த புழுவை இலையோடு எடுத்து ஓரமாக வைத்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும் ஐயா. இவ்வளவு வரைக்கும் குடிக்கலாம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அறவாழிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஒரு ஆளை நினைச்சுக்குவோம் அம்மா. அறுபது கிலோ எடை. ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் தண்ணி குடிப்பார். ஆயுசு முழுக்கக் குடிச்சாலும் அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அதுதான் அளவு."

"யாரு அவரு?"

"யாரும் இல்லை அம்மா. கணக்குக்காக ஒரு ஆள்."

"ஓடைக்குப்பத்துல முக்கால்வாசிப் பேருக்குச் செங்கல் சூளை வேலை. சூளையில நிக்கிற பொம்பளை வெயில் நாள்ல அரைக் குடம் குடிச்சிடுவா. அறுபது கிலோவுக்கு அவளும் அவ பிள்ளையும் சேர்ந்து நிக்கணும்."

அறவாழி, தான் கேட்க வந்ததைக் கேட்டார்.

"நான் முடியாதுன்னு சொன்னா என்னைத் தூக்கிட்டு இன்னொருத்தரை உட்கார வைப்பாங்க. அவர் அஞ்சுக்குக் கையெழுத்துப் போட்டுடுவார். நான் இருந்தா மூணு மடங்கோட இழுத்துப் பிடிக்கலாம். பெரிய கெடுதலைத் தடுக்கச் சின்னக் கெடுதலைச் செய்யலாமா அம்மா?"

"கேட்க வந்தீங்களா ஐயா, சொல்லிட்டுப் போக வந்தீங்களா?"

அம்மா கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

குழுக் கூட்டத்தில் அறவாழி உண்மையாகவே போராடினார். அதில் பொய் இல்லை. மேசையைத் தட்டிப் பேசினார். எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தார். ஆலைக்காரர்கள் கொண்டுவந்த ஆராய்ச்சியைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஐந்து நான்காயிற்று. நான்கு மூன்றாயிற்று. அதற்கு மேல் அசையவில்லை. கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது ஒரு இளம் உறுப்பினர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லைன்னா சார்..." என்றார். அன்று இரவு அறவாழி நன்றாகத் தூங்கினார்.

புது அளவு அரசிதழில் வந்தது. மாநிலத்து ஆறுகளில் பெரும்பாலானவை சுத்தமாகிவிட்டன என்று மந்திரி மேடையில் பேசினார். ஆற்றில் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அறவாழி மடத்துப் பக்கம் போகவில்லை. வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னார். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார்.

கோடை முற்றியபோது அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. 'ஐயா ஒரு நடை வந்துவிட்டுப் போக வேண்டும்.'

போனார். மடத்து வாசலில் குடங்கள் நின்றன. பெண்கள் மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழுந்தார்கள்.

"என்னம்மா, லாரி வரலையா?"

"அது நின்னு ஒரு மாசமாவுது சார்" என்றாள் பச்சையம்மா. சூளை வேலைக்காரி. வாயோரம் வெடித்திருந்தது. "ஆத்து மணல்ல ஊத்து தோண்டினோம். அதுவும் காஞ்சிப்போச்சு."

அறவாழி அங்கேயே நின்று ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் செய்தார். எடுத்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"புது அளவுப்படி ஓடைக்குப்பம் பாதிக்கப்பட்ட ஊரில்லையே சார். அந்தக் கிணறு மூணு மடங்குக்குக் கொஞ்சம் கீழதான் நிக்குது. நல்ல தண்ணி இருக்கிற ஊருக்கு லாரி விட்டா ஆடிட்ல மாட்டிக்குவோம். கிணத்தைத் திறந்து விடச் சொல்லி ஆர்டரே அனுப்பியாச்சு. விதி உங்க விதிதானே சார்."

போனைச் சட்டைப் பையில் போட அவருக்கு இரண்டு முறை தவறியது.

அம்மா உள்ளேயிருந்து வந்தார். கையில் கிணற்றுச் சாவி.

"வேணாம்னு நான் சொல்லிப் பார்த்தேன். அரசாங்கமே நல்ல தண்ணின்னு சொல்லும்போது சாமியாரம்மா ஏன் பூட்டி வெச்சிருக்குன்னு கேக்கிறாங்க. நியாயம்தானே? மூடினது நீங்க. திறக்கிறதும் நீங்களே செஞ்சிடுங்க ஐயா."

"அம்மா, என்னால..."

"ஒரு மாசமா நிக்கிறாங்க."

அறவாழி சாவியை வாங்கினார். பூட்டு துருப்பிடித்து அடம் பிடித்தது. பெண்களில் ஒருத்தி விளக்கெண்ணெய் கொண்டுவந்து பூட்டில் விட்டாள். மூடியை நான்கு பேராகத் தள்ளினார்கள். உள்ளே தண்ணீர் பளபளவென்று கிடந்தது. "ஐயோ, எவ்வளவு தண்ணி!" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

முதல் குடத்தை இறைத்துக்கொண்ட பச்சையம்மா அவரிடம் வந்தாள்.

"சார், படிச்சவங்க நீங்க. என் மருமவ மாசமா இருக்கா. தலைச்சன். இதைக் குடிக்கலாம் இல்ல?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவளும் நிறுத்தினாள்.

அறவாழி கிணற்றுக்குள் பார்த்தார்.

"கொதிக்க வெச்சு, ஆற வெச்சுக் குடுங்கம்மா" என்றார்.

"அவ்வளவுதானே சார்? நல்லா இருக்கணும் நீங்க" என்று பச்சையம்மா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "கொதிக்க வெச்சா போதுமாம், சார் சொல்லிட்டாரு" என்று அந்தப் பேச்சு வரிசையின் கடைசிவரைக்கும் போனது.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா கேட்டார்.

"கொதிக்க வெச்சா போயிடுமா ஐயா?"

"போகாது."

"குறையவாவது குறையுமா?"

"தண்ணிதான் குறையும் அம்மா. அது அப்படியே இருக்கும்."

அறவாழி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடைக்குப்பத்துக்கு நடந்தார்.

பச்சையம்மாவின் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மருமகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கண்ணில் புகை ஏற, விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு பானை கொதித்து இறக்கி ஆறியிருந்தது. அடுத்தது அடுப்பில்.

"அம்மா, அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க. கொதிச்சாலும் அது போகாது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

பச்சையம்மா அவரைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"நீங்கதானே சார் திறந்து விட்டீங்க?"

"ஆமா."

"சரி சார். குடிக்கலை. பின்ன எதைக் குடிக்கட்டும்?"

வெளியே வெயில் தகித்தது. எங்கோ ஒரு ஆடு கத்தியது. பச்சையம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். பெரிய மனுஷர் யோசித்துச் சொல்வார் என்று மரியாதையோடுதான் காத்திருந்தாள்.

"வெறும் காலோட வெயில்ல வந்திருக்கீங்க. உட்காருங்க" என்று சொல்லி, ஆறிய பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள். குத்திக்காட்டுவதற்காக அல்ல. வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுப்பதுதான்.

அறவாழி டம்ளரை வாங்கினார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். இறக்கிவிட்டார்.

பச்சையம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். டம்ளரை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். கீழே ஊற்ற மனம் வரவில்லை. மருமகளைப் பார்த்தாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கல அவ" என்றாள், யாரிடமோ சமாதானம் சொல்வதுபோல.

அந்தப் பெண் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள்.

அறவாழி மடத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கால் கொப்பளித்திருந்தது. அம்மா கிணற்றைச் சுற்றிச் சிந்திக் கிடந்த தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே போய் அளவை மாத்தச் சொல்றேன் அம்மா."

"மாத்துவாங்களா?"

"அஞ்சு வருஷத்துக்கு ஒருக்காதான் திருத்த முடியும்."

"அதுவும் உங்க விதியா?"

"ஆமா. ஆலைக்காரங்க அடிக்கடி வந்து மாத்தக்கூடாதுன்னு நான்தான் எழுதினேன்."

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அறவாழி கிணற்று மேடையில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அஞ்சு கேட்டாங்க அம்மா. நான்தான் மூணாக் குறைச்சேன். பாவத்துலயும் அவ்வளவு குறையாதா?"

"எவ்வளவு வரைக்கும் விஷம் விஷமில்லைன்னு சொல்றவர் நீங்க. எவ்வளவு வரைக்கும் பாவம் பாவமில்லைன்னு என்னைக் கேட்டா எப்படி ஐயா? அதுக்கும் நீங்களே ஒரு அளவு வெச்சுக்குங்க."