துக்கம் விசாரிக்க வந்த கொக்கு

காட்டாற்று மடு ஒன்றில் இரண்டு நீர்நாய்கள் இருந்தன. அண்ணன் பெயர் நெடுமூக்கன், தங்கை பெயர் சுழியாள். இளவட்டங்கள்தான். ஆனால் அம்மா மீன்வலையில் சிக்கிச் செத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"விரால் வேணும்னு நீதானே அடம்பிடிச்சே! அதைத் தேடித்தானே அம்மா வலைப்பக்கம் போனா!" என்று நெடுமூக்கன் கத்தியதுதான் கடைசிப் பேச்சு.

கொக்கு தினமும் துக்கம் விசாரிக்க வந்தது.

"ஐயோ மருமகனே! எல்லாம் அவளால வந்த வினை. அவ முகத்துலயே முழிக்காதே!" என்று ஒற்றைக் காலில் நின்று அழுதது. அழுத வாயோடு இரண்டு கெண்டையையும் கொத்திக்கொண்டது. நீர்நாய்கள் சேர்ந்து வேட்டையாடினால் கரையோரம் ஒரு மீன் தங்குமா? அவை பிரிந்தபின் கொக்குக்குத் தினமும் விருந்து!

நெடுமூக்கனுக்கும் அந்தப் பேச்சு இனித்தது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வேறொன்று ஞாபகத்துக்கு வராது.

ஒருநாள் காலை சுழியாள் தனியாக ஒரு மீனைத் துரத்தினாள். அது அம்மா செத்த வளைவை நோக்கி ஓடியது. பாறைமேல் கொக்கோடு இருந்த நெடுமூக்கன் திடுக்கிட்டான். அங்கே மறுபடியும் மிதவைகள் ஆடின!

"மாமா! அங்கே வலை!"

"இருக்கட்டுமே! அவகூடப் பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணினியே! வாயைத் திறக்காதே!"

இன்னும் பத்து முழம்! ஐந்து முழம்!

"வீ! வீ! வீஈஈ!"

ஆபத்து என்றால் அம்மா ஊதும் சீழ்க்கை! அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று நெடுமூக்கனுக்கே பிறகுதான் தெரிந்தது. சுழியாள் சட்டென்று திரும்பினாள். வலை அவள் மீசையை உரசியது! ஒரே பாய்ச்சலில் பாறைக்கு வந்து சேர்ந்தாள்.

"அண்ணே! நீயா ஊதினே? அம்மான்னே நினைச்சேன்!"

நெடுமூக்கன் உடைந்துபோனான். "அன்னைக்கும் இந்தப் பாறையில நான்தான் காவல். வலையைப் பார்த்து ஊதியிருக்கணும். தூங்கிட்டேன்டி!"

"தெரியும்ணே. நீ கண்ணைக் கசக்கிட்டு எழுந்ததைப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலே?"

"விரால் கேட்டது நான்தானே!"

அம்மா செத்த பிறகு அன்றுதான் இருவரும் அழுதார்கள். அழுது முடித்ததும் அகோரப் பசி!

"நான் விரட்டறேன், நீ பிடி!" என்று நெடுமூக்கன் குதித்தான். மடுவே கலங்கியது!

மறுநாள் கொக்கு வந்து, "ஐயோ மருமகனே..." என்று ஆரம்பித்தது. சுழியாள் வாலால் அடித்த தண்ணீர் அதன் முகத்தில் சளாரென்று விழுந்தது.

"துக்கம் விசாரிச்சது போதும் மாமா! வேற மடுவைப் பாருங்க!"

தன் தவறை மறைக்க அடுத்தவர்மேல் பழி போடுகிறவனுக்கு அழக்கூட வழியிருக்காது. உண்மையைச் சொல்லிச் சேர்ந்து அழுதால்தான் துக்கம் இறங்கும்.