புழுவா, புல்லா?

கோணக்கரைக்காரர்களுக்குப் புத்தி மட்டம் என்று பக்கத்து ஊரில் பேசுவார்கள். அது அநியாயம். இல்லாத சரக்கை எப்படி மட்டம் என்று சொல்ல முடியும்?

அந்த ஊரில் வாதம் என்று வந்தால் யாரையும் விடாதவள் அபரஞ்சி. அவள் அப்பா, நாயன வித்துவான் தில்லைநாயகம், மார்கழிச் சளியில் மூச்சைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் தேர். அவர் ஊதாவிட்டால் பக்கத்து ஊர் வித்துவானுக்குத்தான் மாலை என்று தர்மகர்த்தா சொல்லியனுப்பிவிட்டார். அப்படிப் போன மரியாதை திரும்பி வருமா?

துறைமுகத்தில் இறங்கியிருந்த சீன வைத்தியர் ஒருவர், விரல் நீளத்தில் காய்ந்த துண்டு ஒன்றைக் கொடுத்தார். பனிக்காலத்தில் இது புழு, அதன்மேல் காளான் முளைத்துக் கோடையில் புல்லாக நிற்கும், வேகவைத்துச் சாப்பிட்டவருக்கு யானை மூச்சு வரும் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

தில்லைநாயகமோ சுத்த சைவம். கத்தரிக்காயைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நறுக்க விடுவார்.

"நடுவுல வெட்டிப் புல்லுப் பக்கத்தை மட்டும் குடு புள்ள" என்றார் தவில்கார அய்யாக்கண்ணு.

"வெட்டினா புழு செத்துடும். அந்தப் பாவம் யாருக்கு மாமா?"

"அது செத்துத்தானே காஞ்சிருக்கு?"

"செத்துக் காஞ்சா அது கருவாடு. எங்க வீட்டுச் சட்டியில கருவாடு வேகணுமா?"

அய்யாக்கண்ணு எடுத்த கத்தியைத் திரும்ப வைத்தார்.

இது பனிக்காலம், ஆகவே புழு. கோடை வந்தால் புல் என்று அபரஞ்சி தீர்ப்புச் சொன்னாள். கோடைக்கு யார் காத்திருப்பது? மருந்தை அடுப்போரம் வைத்தார்கள். கோடை வந்துவிட்டது என்று அதற்கு நம்பிக்கை வரவேண்டுமே என்று எல்லாரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்து நீர்மோர் குடித்தார்கள். அய்யாக்கண்ணு வாசலில் நின்று நுங்கு விற்பவரைப் போலக் கூவினார். நீர்மோர் குடித்த தில்லைநாயகத்துக்கு மிச்சமிருந்த மூச்சும் போய் விசில் சத்தம்தான் வந்தது.

புல்லாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அபரஞ்சி மருந்தைக் கோழிக்கும் ஆட்டுக்கும் நடுவே வைத்தாள். கோழி தின்றால் புழு, ஆடு தின்றால் புல். ஆடு முந்திக்கொண்டது.

"பாத்தீங்களா, புல்லுதான். இனிமே அப்பா தாராளமா சாப்பிடலாம்" என்றாள். வீடே பூரித்தது.

உலை கொதித்த பிறகுதான், அதில் போட ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

அபரஞ்சி அசரவில்லை. "மருந்து தின்னவங்களுக்குத்தானே மூச்சு? தின்னது ஆடு. அப்போ ஊதவேண்டியதும் ஆடுதான்."

மறுநாள் ஆடு பட்டுத் துண்டோடு தேருக்கு முன்னால் நின்றது. வாயில் நாயனத்தை வைத்தார்கள். அது முனையிலிருந்த நாணல் சீவாளியைக் கடித்துத் தின்றுவிட்டு நீளமாகக் கத்தியது. தர்மகர்த்தா கண்ணை மூடிக் கேட்டார். "போன வருஷத்தைவிட இழுப்பு சுத்தம்" என்று மாலையைப் போட்டார். ஆடு அதையும் தின்றது. மரியாதை வீட்டைவிட்டுப் போகவில்லை.

ஆடு வித்துவானாகிவிட்டால் அதைக் கட்டும் முளைத்தறி சும்மா கிடக்கலாமா என்று அபரஞ்சி கேட்டாள். தறியடியில் போய் உட்கார்ந்த தில்லைநாயகம், முன்னால் கிடந்த அகத்திக்கீரையைத் தட்டிப் பார்த்தார்.

"அபரஞ்சி, இது சைவம்தானே?"

"கொஞ்சம் பொறுங்கப்பா. கச்சேரி முடிஞ்சு ஆடு வரட்டும். தின்னு பாத்துச் சொல்லும்."