வெள்ளைக் கோழியும் பாதுகாப்பான வளையும்

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஒரு கோழி லாரி வேகமாகத் திரும்பியது. கூண்டின் கொக்கி கழன்றது. இளம் பண்ணைக்கோழி ஒன்று வெளியே உருண்டு, சரிவில் புரண்டு, காட்டுக்குள் வந்து விழுந்தது. லாரி நிற்காமல் போய்விட்டது.

கோழி எழுந்து சிறகை உதறியது. சுற்றிலும் மரங்கள். தலைக்கு மேல் பல்பு இல்லை. காலுக்குக் கீழே உமி இல்லை.

கிளையிலிருந்து ஒரு மலை அணில் எட்டிப் பார்த்தது.

"ஏ வெள்ளச்சி, எந்த ஊரு நீ?"

"பண்ணை. இங்க சாப்பாடு எப்பப் போடுவாங்க, அணிலக்கா?"

"யாரு போடுவா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அணிலின் கையிலிருந்த அத்திப்பழம் நழுவி விழுந்தது. அதற்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.

பொழுது சாய்ந்தது. கோழி பிறந்ததிலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல் இருட்டைப் பார்த்ததில்லை. பண்ணையில் எந்நேரமும் விளக்கு எரியும். கோழிகள் தூங்காமல் தின்று சீக்கிரம் எடை போட வேண்டும் அல்லவா? அதனால் வெளிச்சம் குறையக் குறைய அது தரையிலேயே அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

"அங்க என்ன பண்றே? மேல ஏறு" என்றது அணில்.

"கரண்ட் போயிருக்கு. இப்ப ஜெனரேட்டர் போட்டுருவாங்க."

"இதுக்குப் பேரு ராத்திரி, வெள்ளச்சி."

"எப்பச் சரி பண்ணுவாங்க?"

"காலையில தானா சரியாகும். அதுவரைக்கும் நீ தரையில இருந்தா உன் கதைதான் சரியாகாது. இங்க நரி இருக்கு."

பக்கத்தில் ஒரு பட்டமரம் சாய்ந்து கிடந்தது. கோழி அதில் ஏறியது. வழுக்கியது. திட்டிக்கொண்டே மறுபடி ஏறியது. விடியும்வரை மரத்தைக் கால் விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

காலையில் பசி வயிற்றைக் கிள்ளியது.

"பேசாம ரோட்டுக்குப் போயி அடுத்த லாரியில ஏறிக்க. பண்ணையில பொறந்ததுக்குக் காடு ஒத்துவராது" என்றது அணில்.

கோழிக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"ஒத்துவராதுன்னு யார் முடிவு பண்ணாங்க?" என்று காலால் தரையைச் சீய்த்தது. சருகு பறந்தது. "நான் இங்க ஒரு நாளாவது இருந்து பாத்தேனா?" இன்னொரு சீய்ப்பு. மண் தெறித்தது. "லாரியில ஏத்தும்போது என்னைக் கேட்டாங்களா?" அடுத்த சீய்ப்பில் மண் பிளந்து கறையான்கள் கொத்தாக வெளியே வந்தன.

கோழி ஒன்றைக் கொத்தி விழுங்கியது. பிறகு அடுத்ததை, அதற்கடுத்ததை என்று கொத்திக்கொண்டே போனது.

"என்னமோ கேட்டுக்கிட்டிருந்தியே?" என்றது அணில்.

"இரு. சாப்பிட்டுட்டு வந்து சண்டை போடறேன்."

அன்றிலிருந்து கோழி தினமும் அணிலோடு ஏதாவது ஒரு விஷயத்துக்கு வாதாடியது. வாதாடிக்கொண்டே மண்ணைச் சீய்த்தது. புழு கிடைத்தது, புல்விதை கிடைத்தது. தொளதொளவென்று இருந்த உடம்பு இறுகியது. சாய்ந்த மரத்தில் இப்போது ஓடியே ஏறியது. ஒருமுறை அதன் நுனியிலிருந்து பக்கத்துக் கிளைக்குத் தாவிப் பார்த்தது. பறந்தது என்று சொல்ல முடியாது. விழுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது.

ஒரு நாள் மாலை நரி வந்தது. மிக மரியாதையான நரி. தூரத்திலேயே நின்று தொண்டையைச் செருமியது.

"தங்கச்சி, தனியாவா இருக்கே? ஒரு பொண்ணு இப்படிக் காட்டுல தனியா இருக்கலாமா? காலம் கெட்டுக் கிடக்கு."

"யாரு கெடுத்தா, அண்ணே?" என்றது கோழி. கேட்டுக்கொண்டே சாய்ந்த மரத்தில் ஓர் அடி மேலே வைத்தது.

"இந்தக் காட்டு நரிங்க ரொம்ப மோசம்மா."

"நீங்களும் நரிதானே?"

"நான் நல்ல நரி. என் வளையில இடம் இருக்கு. நேரத்துக்குச் சாப்பாடு. இருட்டுறதுக்குள்ள உள்ள வந்துரணும். வாசல்ல கல்லை உருட்டி மூடிருவேன். எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்." பேசிக்கொண்டே நரி மரத்தடிக்கு வந்துவிட்டது.

"கல்லை உள்ளேயிருந்து தள்ள முடியுமா?"

"உனக்கு எதுக்கும்மா அந்தச் சிரமம்?"

கோழி இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. "எனக்கு ஒரு சந்தேகம். மோசமானது நரிங்கதானே?"

"ஆமா."

"அப்ப இருட்டுறதுக்குள்ள நரிங்களை உள்ள விட்டுக் கல்லை மூடுங்களேன். நான் எதுக்கு உள்ள போகணும்? நான் யாரையும் கடிக்கலையே?"

மேலே அணில் கொறிப்பதை நிறுத்திவிட்டது. நரி ஒரு முன்னங்காலை மரத்தின் மேல் வைத்தது.

"அதெல்லாம் வழக்கம் இல்ல."

"எது வழக்கம்? கடிக்கிறவன் வெளியே, கடிபடுறவ உள்ளேயா?"

"ரொம்பப் பேசறே நீ."

"நீங்க பதிலே சொல்லலையே, அண்ணே."

நரியின் மரியாதை தீர்ந்துபோனது. ஒரே பாய்ச்சலாக மரத்தில் ஏறியது. கோழி நுனிக்கு ஓடியது. அதற்கப்பால் மரம் இல்லை. கீழே புதர். நரியின் மூச்சு வாலில் பட்டது. கோழி சிறகை விரித்து எம்பியது. இந்தமுறை விழவில்லை. படபடவென்று அடித்துக்கொண்டு எதிர்க்கிளையைப் பிடித்துவிட்டது.

நரியும் எம்பியது. அதற்குச் சிறகு இல்லை. நேராகப் போய்ச் செந்தட்டிப் புதருக்குள் விழுந்தது. உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, மண்ணில் புரண்டு, எழுந்து ஓடியது.

"வாயாடி! இப்படிப் பேசற எவளும் உருப்பட மாட்டா!" என்று ஓடிக்கொண்டே கத்தியது.

"இன்னும் பதில் வரலை, அண்ணே!" என்றது கோழி.

அணில் கிளை கிளையாக இறங்கி வந்து, ஒரு பழுத்த அத்தியைக் கோழியின் பக்கம் தள்ளியது. "இந்தக் கிளையில ராத்திரி காத்து அடிக்கும். மேல என் கிளைக்கு வந்து உக்காரு. உள்ளேன்னும் கிடையாது, வெளியேன்னும் கிடையாது. எப்ப வேணா போ, எப்ப வேணா வா."

"அதையும் நான் யோசிச்சுத்தான் சொல்லுவேன்" என்றது கோழி. அத்திப்பழத்தைத் தின்றுகொண்டே யோசித்தது.

உன் பாதுகாப்புக்காக உன்னை அடைத்து வைக்க வருகிறவர்களிடம், பயமுறுத்துகிறவனை ஏன் அடைக்கவில்லை என்று கேள். பதில் வரும்வரை உள்ளே காலெடுத்து வைக்காதே.