சாலைக்கு அடியில் ஓர் அறை

மலையிலிருந்து ஏரிக்கு இறங்கும் காட்டுச் சாலையின் இரு பக்கமும் வளைகளாக இருந்தன. பெருச்சாளிகள், முள்ளம்பன்றிகள், கீரிகள் என்று முப்பது குடும்பங்கள். நடுவில் கோமளம் என்றோர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் கெட்டி ஓடு, பெயர் மட்டும் கோமளம்!

ஒருநாள் சாலை நடுவில் பொத்தென்று மண் உள்வாங்கியது. அந்த வழியே போன கீரிக்குட்டி கழுத்தளவு புதைந்துவிட்டது. காதைப் பிடித்துத் தூக்கித்தான் காப்பாற்றினார்கள்.

ஊர்த் தலைவர் சபாபதி என்ற கிழட்டுப் பெருச்சாளி. பள்ளம் விழுந்தால் என்ன செய்வது என்பதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒரு கூடை மண் கொண்டுவரச் சொல்வார். கொட்டுவார்கள், மிதிப்பார்கள், வள்ளிக்கிழங்கு தின்றுவிட்டுக் கலைவார்கள். அன்றும் அப்படியே நடந்தது. நான்கு நாள் கழித்துப் பத்தடி தள்ளி இன்னொரு பள்ளம் விழுந்தது. அதையும் மூடினார்கள். மறுவாரம் மூன்றாவது.

மூன்றாம் பள்ளத்தை மூடும்போதுதான் கோமளம் மண்ணை உற்றுப் பார்த்தது. அந்தப் பக்கமெல்லாம் கரிசல். ஆனால் முப்பது கூடையிலும் இருந்தது வெளுத்த உலர்ந்த மண். அந்த மண் சாலைக்கு அடியில் மட்டும்தான் உண்டு. அதன் கூடையிலும் அதே மண்தான் இருந்தது.

யானைகள் மிதித்து மிதித்து இறுகிய சாலை அது. அதன் அடியில் அறை தோண்டினால் எந்த மழைக்கும் ஒழுகாது. போன ஐப்பசியில் கோமளம் யாருக்கும் சொல்லாமல் அப்படி ஓர் அறை தோண்டியிருந்தது. 'ஒரு முழம்தானே, என்ன ஆகிவிடும்' என்று நினைத்தது. மற்ற இருபத்தொன்பது வீடும் அதையே நினைத்திருக்கிறது! போதாக்குறைக்கு, பள்ளத்தை மூட மண் கேட்டபோதெல்லாம் எல்லாரும் அந்த அறையையே இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தி அள்ளி வந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை மீன்கொத்தி சேதி கொண்டுவந்தது. மலையில் சுனைகள் வற்றிவிட்டனவாம். மூன்றாம் நாள் யானைக் கூட்டம் ஏரிக்கு இறங்குமாம். சாலை இடிந்து ஒரு யானை உள்ளே விழுந்தால், இரு பக்கத்து வீடுகளும் சேர்ந்து நசுங்கும். ஊர் கூடியது. சாலை நூறு வருஷம் நிற்கும், வீண் புரளி வேண்டாம் என்று சபாபதி மீசையை முறுக்கினார்.

கோமளம் எழுந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு தலைவரே. அப்ப யானை வர்றப்போ, சாலைக்கு அடியில இருக்கிற அறையில அவங்கவங்க பிள்ளைய படுக்க வைப்போம்."

வேலம்மா என்ற முள்ளம்பன்றி தன் குட்டியைச் சட்டென்று அருகில் இழுத்துக்கொண்டது. ஆளை ஆள் பார்த்தார்கள். எல்லார் குட்டும் ஒரே நேரத்தில் உடைந்தது.

"உன் வீட்டுல அப்படி அறை இல்லையாக்கும்?" என்று சபாபதி சீறினார்.

"இருக்கு. என் பிள்ளை இப்ப அதுக்குள்ளதான் தூங்குது. மூடுற குழியில முதல் குழி என்னுதாவே இருக்கட்டும், நான் மூடப் போறேன்."

சொன்னபடியே போய், குட்டியை வால்மேல் ஏற்றி வெளியே கொண்டுவந்தது. ஏரிக்கரைக்கு நடந்து களிமண் அள்ளி வந்து, அறையின் கடைக்கோடியில் கொட்டி இடித்தது. வெட்கம் இருந்தது, தயக்கம் இல்லை. நான்காவது நடைக்குள் வேலம்மா கூடையோடு பின்னால் வந்துவிட்டது. பிறகு கீரிகள். பொழுது சாய்வதற்குள் ஊரே ஏரிக்கும் சாலைக்கும் நடந்துகொண்டிருந்தது. கடைசியாகத் தலையைத் தொங்கப்போட்டபடி சபாபதி வந்தார். அவர் அறையை மூடத்தான் அதிக மண் பிடித்தது; அது அறையா அது, கல்யாணக் கூடம்!

மூன்றாம் நாள் பதினோரு யானைகள் இறங்கின. சாலை அதிர்ந்தது, புழுதி பறந்தது, ஒரு பிடி மண்கூட உள்வாங்கவில்லை. கோமளம் தன் குட்டியோடு சாலையோரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தது.

அடுத்த ஐப்பசியில் முப்பது வீடும் ஒழுகியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஊர்ப் பள்ளம் மூட வேண்டுமானால், முதல் கூடை மண்ணை அவரவர் தோண்டிய குழியில்தான் கொட்ட வேண்டும்.